சேலத்தில் இருந்தபடி ஜாஸ் கற்க: எதை, எங்கே, எந்த வரிசையில் தேடுவது

என் பழைய மடிக்கணினியில் ‘ஜாஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை இன்னும் இருக்கிறது. ஸ்கேல் (ஸ்வர வரிசை) அட்டவணைகள், எங்கெங்கிருந்தோ இறக்கிய பி.டி.எஃப். நூல்கள், பாதியில் நின்ற காணொளி வகுப்புகள் என்று அதில் ஏறத்தாழ 40 ஜி.பி. சேர்ந்திருக்கிறது. சேர்ப்பதற்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அந்த ஒன்றரை ஆண்டில் ஒரு பாட்டைக்கூட முழுதாக வாசிக்க நான் கற்றுக்கொள்ளவில்லை. சேலம் போன்ற ஊரில் ஜாஸ் கற்க விரும்புகிறவர் முதலில் சொல்லும் குறை, இங்கே சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, புத்தகமும் இல்லை என்பதுதான். ஆள் குறைவு என்பது உண்மை. ஆனால் கைப்பேசி இருக்கிற எவருக்கும் இன்று பாடம் குறைவில்லை. எதை முதலில் எடுப்பது, எதை இரண்டு ஆண்டு கழித்துத் தொடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அள்ளிக்கொள்வதால்தான் பெரும்பாலோர் நின்றுபோகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசையையே முதன்மையாகக் கொண்டிருக்கிறேன். கீபோர்டு, கிட்டார், சாக்ஸபோன் ஆகியவற்றுள் ஒன்றில் ஓரளவு விரல் பழகியவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பாடுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: ஏற்கெனவே கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

வெளியே தேடப் புறப்படுவதற்கு முன், உங்கள் காதுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சிறுவயதில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் பாடியவருக்கு ஸ்வரங்களின் இடைவெளி தெரியும். கச்சேரிக்கோ மெல்லிசைக் குழுவுக்கோ போய்வந்தவருக்கு ‘கட்டை’ தெரியும்; ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை என்றால் டி, இரண்டரைக் கட்டை என்றால் ஈ ஃபிளாட் என்ற ஒரே செய்தி, மேற்கத்திய நூல்களில் ‘கீ’ என்று வருகிற இடங்களையெல்லாம் பாதி விளங்கவைத்துவிடும். கிறிஸ்தவ ஆலயப் பாடகர் குழுவில் இருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய மூலதனம் உண்டு. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல்களாகப் பிரித்து எழுதப்பட்ட ஞானப்பாடல் புத்தகம், இசைக் கோட்பாட்டில் ஹார்மனி என்று சொல்லப்படுவதற்கான மிகச் சிறந்த பயிற்சி நூல். பழைய புத்தகங்களில் டோனிக் சோல்ஃபா முறையில், எழுத்துகளாலேயே ஸ்வரங்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஐந்து கோட்டு முறை (ஐந்து கோடுகளின் மேல் ஸ்வரங்களை எழுதும் மேற்கத்திய முறை) வராதவர்கள்கூட அதை வைத்துக்கொண்டு ஒரு குரல் இன்னொரு குரலோடு எப்படி ஒத்தும் விலகியும் நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இதன் அருமையை எனக்குக் காட்டியவர் ஒரு திருமண மண்டபத்தில் பழக்கமான சாக்ஸபோன் கலைஞர். நாகஸ்வரக் குடும்பத்திலிருந்து வந்தவர். ஜாஸ் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருந்தார், அவ்வளவுதான். பந்தி நடந்துகொண்டிருந்த நேரத்தில், 1959-இல் மைல்ஸ் டேவிஸ் பதிவுசெய்த ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டின் முதல் பாடலை என் கைப்பேசியில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டுவிட்டு, “கரகரப்பிரியாதான் தம்பி. நடுவுல அரைக் கட்டை ஏத்தி வாசிக்கறாங்க, அப்புறம் இறக்கிடறாங்க” என்றார். நூல்கள் அதே பாடலை எப்படி விளக்குகின்றன என்றால், 32 பார்கள் (பார் என்பது இங்கே நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று) கொண்ட அமைப்பில் முதல் 16 பார் டி டோரியன் (கரகரப்பிரியாவுக்கு மேற்கத்தியப் பெயர் டோரியன்), அடுத்த 8 பார் ஈ ஃபிளாட் டோரியன், கடைசி 8 பார் மறுபடியும் டி டோரியன். இரண்டு கட்டையில் தொடங்கி, இரண்டரைக்கு ஏறி, மீண்டும் இரண்டுக்கு இறங்குவது என்று அவர் சொன்னதும் இதுவும் ஒன்றேதான்.

இரண்டாம் படி: படிப்பதற்கு முன் கேட்பதற்கு ஒரு சிறு பட்டியல்

ஜாஸ் என்பது பேச்சு வழக்கைப் போன்றது. கேட்காமல் இலக்கணம் மட்டும் படித்தவர் பேசும் தமிழ் எப்படி இருக்குமோ, அப்படித்தான் கேட்காமல் ஸ்கேல் மட்டும் பழகியவரின் ஜாஸும் இருக்கும். ஆனால் கேட்பதற்கென்று 200 இசைத்தட்டுகளின் பட்டியல் எதையும் தேடாதீர்கள். முதல் மூன்று மாதங்களுக்கு நான்கைந்து போதும். 1920-களின் லூயி ஆம்ஸ்ட்ராங் குழுப் பதிவுகளில் ஒன்று, 1940-களின் சார்லி பார்க்கர் ஒன்று, மேலே சொன்ன 1959-ஆம் ஆண்டு மைல்ஸ் டேவிஸ், அதே ஆண்டில் டேவ் புரூபெக் குழு ஐந்து தட்டுத் தாளத்தில் பதிவுசெய்த ‘டேக் ஃபைவ்’, பாடுகிறவர்களுக்கு ‘எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு’ என்ற பாடகியின் பதிவு ஒன்று. கண்ட சாபு பழகிய காது ‘டேக் ஃபைவ்’ கேட்டுத் திணறாது. புரூபெக் 1958-இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியாவுக்கு வந்து சென்றவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

பழைய பதிவுகளைக் கட்டணமின்றிக் கேட்பதற்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘நேஷனல் ஜூக்பாக்ஸ்’ என்ற தளம் நம்பகமானது. முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று வழக்கமாகக் குறிப்பிடப்படும் 1917 பிப்ரவரிப் பதிவும் அதில் இருக்கிறது. ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி தொடங்கிய ஆண்டும் அதுவே என்பதால், அந்த ஆண்டு மட்டும் எனக்கு மறப்பதே இல்லை. அந்த முதல் இசைத்தட்டை வாசித்தவர்கள் வெள்ளையர் குழுவினர். இசையை உருவாக்கியவர்களோ நியூ ஆர்லியன்ஸ் நகரின் கறுப்பினக் கலைஞர்கள். இந்த முரண்பாட்டை மறைத்துவிட்டு வரலாறு சொல்லும் கட்டுரைகளை நான் பாதியிலேயே மூடிவிடுவேன். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

நம் மண்ணோடு தொடர்புள்ள பதிவுகளையும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஜான் மெக்லாலின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் சேர்ந்த சக்தி குழு, அமெரிக்கரான ருத்ரேஷ் மகந்தப்பாவும் கத்ரி கோபால்நாத்தும் இரண்டு சாக்ஸபோன்களில் உரையாடும் 2008-ஆம் ஆண்டு வெளியீடான ‘கின்ஸ்மென்’ ஆகியவை முதல் வரிசையில் நிற்பவை. சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் இங்கே வந்து நாகஸ்வரம் கற்றுக்கொண்டார் என்பதும் தேடிப் படிக்கத் தகுந்த செய்தி.

கேட்கும் முறை எளிது. ஒரே பாடலை ஒரு வாரம் கேளுங்கள். முதல் நாள் மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பழகுங்கள். அடுத்த நாள் பேஸ் வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் நாள் டிரம்ஸ். அமைப்பு எங்கே முடிந்து மறுபடி தொடங்குகிறது என்று கைவிரலால் எண்ண முடிகிற நாளில்தான் அந்தப் பாடலைக் கேட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

மூன்றாம் படி: அடிப்படைக் கோட்பாட்டுக்கு ஒரு தளம், ஒரு பயிற்சி நூல்

இந்தக் கட்டத்தில் ஜாஸ் கோட்பாடு வேண்டாம். ஐந்து கோட்டில் ஸ்வரங்களைப் படிப்பது, மேஜர், மைனர் ஸ்கேல்கள், இடைவெளிகள், மூன்று ஸ்வரக் கார்டு, நான்கு ஸ்வரக் கார்டு (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் தொகுப்பு) ஆகிய இவ்வளவையும் ஒரு முறை சீராகக் கடந்தால் போதும். ‘மியூசிக் தியரி டாட் நெட்’ தளத்தில் சிறுசிறு பாடங்களும், நாமே கடினத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளக்கூடிய பயிற்சிகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நாளுக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு, மூன்று மாதத்தில் முடித்துவிடலாம். ‘தியோரியா’ என்ற தளம் காதுப் பயிற்சிக்கு நல்லது. விரிவாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ‘ஓப்பன் மியூசிக் தியரி’ என்ற இலவச இணையப் பாடநூல் இருக்கிறது. அதில் ஜாஸுக்கும் தனிப் பகுதி உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் மியூசிக் தியரி’ என்ற வகுப்பு கோர்ஸெரா என்ற இணைய வகுப்புத் தளத்தில் கிடைக்கிறது. சேருமுன் கட்டணமில்லாமல் எவ்வளவு பார்க்க முடியும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

இவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே மேஜர் ஸ்கேலை நான்கு தளங்களில் நான்கு முறை படிப்பது படிப்பாகத் தோன்றினாலும், அது ஒத்திப்போடுதல்தான்.

தேர்வு எழுதலாமா என்ற கேள்வி சேலத்துப் பெற்றோர்களிடமிருந்து தவறாமல் வரும். டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். ஆகிய இரண்டு இங்கிலாந்து அமைப்புகளும் எட்டு கிரேடுகள் வரை தேர்வு நடத்துகின்றன. ஏ.பி.ஆர்.எஸ்.எம். முறையில், வாத்தியத் தேர்வின் ஆறாம் கிரேடுக்குச் செல்ல விரும்புகிறவர் ஐந்தாம் கிரேடு கோட்பாட்டிலோ அதற்கு இணையான ஒன்றிலோ தேறியிருக்க வேண்டும். அந்த இணையானவற்றுள் ஜாஸ் தேர்வும் ஒன்று. என் கருத்தில், ஐந்தாம் கிரேடு வரையிலான கோட்பாட்டுப் பயிற்சிப் புத்தகங்களை வாங்கிப் பென்சிலால் எழுதிப் பழகுவது யாருக்கும் நல்லது. தேர்வுக்குப் பணம் கட்டுவது, சான்றிதழ் தேவைப்படுகிறவர் மட்டும் செய்ய வேண்டிய செலவு.

ராகங்களை அறிந்தவர்களுக்கு ஸ்கேல் பெயர்கள் ஒரு மாலையில் வசப்படும். சங்கராபரணம் மேஜர் ஸ்கேல். கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் ரிஷபத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டால் கரகரப்பிரியா, அதுவே டோரியன். காந்தாரத்திலிருந்து தோடி, அது ஃபிரிஜியன். மத்தியமத்திலிருந்து கல்யாணி, அது லிடியன். பஞ்சமத்திலிருந்து அரிகாம்போதி, அது மிக்ஸோலிடியன். தைவதத்திலிருந்து நடபைரவி, அது நேச்சுரல் மைனர். நிஷாதத்திலிருந்து தொடங்கினால் சுத்தமான பஞ்சமம் கிடைக்காது; ஆகவே நம் மேளகர்த்தாக்களில் அதற்கு இடமில்லை, அவர்கள் அதை லோக்ரியன் என்று அழைக்கிறார்கள். நாம் கிரகபேதம் என்று சொல்வதுதான் அவர்களுடைய மோட். ஜாஸில் அதிகம் புழங்கும் மெலோடிக் மைனர் நமக்குக் கௌரிமனோகரி. ஹார்மோனிக் மைனர் கீரவாணி. லிடியன் டாமினன்ட் வாசஸ்பதி. மைனர் பென்டாடோனிக் சுத்த தன்யாசி.

இந்த ஒப்பீடு ஏணிதான். ஏறியபின் விட்டுவிட வேண்டும். ராகத்துக்குக் கமகமும் பிடிகளும் உயிர். ஸ்கேலுக்கு அப்படி எதுவும் இல்லை. ஜாஸ் வாசிக்கிறவர் ஒரு ஸ்கேலில் இரண்டு பார் தங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார். தோடி என்று நினைத்துக்கொண்டு ஃபிரிஜியனில் காந்தாரத்தை அசைத்தால் பின்னால் இருக்கும் கார்டோடு அது மோதும்.

நான்காம் படி: நகரும் ஆதாரத்தைக் கேட்கப் பழகுங்கள்

கர்நாடக இசைக் காதுக்கு உண்மையான தடை எங்கே இருக்கிறதென்றால், தம்பூராவில். நமக்கு ஷட்ஜம் அசையாதது; பாட்டு எங்கே அலைந்தாலும் அது வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் போல அங்கேயே இருக்கும். ஜாஸிலோ ஆதாரம் இரண்டு பாருக்கு ஒரு முறை, சில நேரம் ஒரு பாருக்கு இரண்டு முறை நகர்கிறது. ஸ்கேல்களை எவ்வளவு வேகமாக வாசித்தாலும் இந்த நகர்வைக் கேட்காதவருக்கு ஜாஸ் வராது. ஆகவே எந்த நூலை, எந்தக் காணொளியைத் தேர்ந்தெடுத்தாலும், அது டூ-ஃபைவ்-ஒன் என்ற கார்டு வரிசையை எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறது என்பதையே உரைகல்லாகக் கொள்ளுங்கள்.

அதைக் கையோடு இங்கேயே பார்த்துவிடலாம். ஒரு கட்டையை ஷட்ஜமாக வைத்து, சங்கராபரண ஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கார்டு ரி-ம-த-ஸ. டி மைனர் 7 என்று எழுதுவார்கள். ஐந்தாம் கார்டு ப-நி-ரி-ம. அது ஜி 7. முதல் கார்டு ஸ-க-ப-நி. அது சி மேஜர் 7. நான்கு ஸ்வரங்களையும் அழுத்த வேண்டாம். இடக்கையில் கீழே ரி மட்டும். வலக்கையில் ம, மேல் ஸ இரண்டு மட்டும். இப்போது இடக்கை ப-வுக்குப் போகட்டும். வலக்கையில் ம அசையாமல் இருக்க, ஸ மட்டும் அரை ஸ்வரம் இறங்கி நி ஆகட்டும். பிறகு இடக்கை ஸ-வுக்கு வரட்டும். வலக்கையில் நி அசையாமல் இருக்க, ம அரை ஸ்வரம் இறங்கி க ஆகட்டும். அவ்வளவுதான். முதலில் ஒருவர் இறங்க மற்றவர் காத்திருக்கிறார். பிறகு காத்திருந்தவர் இறங்க, இறங்கியவர் காத்திருக்கிறார். மூன்றாவது கார்டு விழும்போது வீடு வந்து சேர்ந்ததுபோல் ஒரு நிறைவு தோன்றும். இந்த இரண்டு ஸ்வரங்களையும் கைடு டோன் என்பார்கள். ஒவ்வொரு கார்டின் மூன்றாவதும் ஏழாவதும் அவையே. மேல் வரியை ‘ஸ, நி, நி’ என்றும் கீழ் வரியை ‘ம, ம, க’ என்றும் பாடிக்கொண்டே வாசியுங்கள். நான் 40 ஜி.பி. சேர்த்தும் அறியாதிருந்தது இந்த ஆறு ஸ்வரங்களைத்தான்.

இதைப் பழகிய பின் நூல்களுக்குப் போகலாம். ஜேமி ஏபர்சோல்டு 1967-இல் தொடங்கிய பயிற்சித் தொடர், நாம் வாசிப்பதற்குப் பின்னணியாக பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒலிக்கும்படி அமைந்தது; அதன் மூன்றாம் தொகுதி முழுவதும் இந்த டூ-ஃபைவ்-ஒன் பற்றியதே. அவருடைய ‘ஜாஸ் ஹேண்ட்புக்’ என்ற சிறு கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மார்க் லெவினின் ‘தி ஜாஸ் தியரி புக்’ 1995-இல் வெளிவந்தது; 500 பக்கங்களுக்கு மேல் செல்லும் சிறந்த நூல், ஆனால் முதல் நூலாக வாங்கினால் அலமாரிக்குத்தான் அழகு. ஐந்து கோட்டில் தடையின்றிப் படிக்க வருகிற நாளில் அதை வாங்குங்கள். கீபோர்டுக்காரர்களுக்கு அவருடைய ‘தி ஜாஸ் பியானோ புக்’ அதைவிட நேரடியாகப் பயன்படும்.

பாடல்களுக்கு ‘ரியல் புக்’ என்ற தொகுப்பு உண்டு. 1970-களில் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் உரிமை பெறாமல் நகலெடுத்து விற்றதாகத் தொடங்கி, 2004 முதல் உரிமம் பெற்ற பதிப்பாக வருகிறது. வாங்கும்போது உங்கள் வாத்தியத்துக்கு உரிய பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்: கீபோர்டு, கிட்டாருக்கு சி பதிப்பு, டிரம்பெட், டெனர் சாக்ஸுக்கு பி ஃபிளாட், நம் ஊரில் பெரும்பாலும் புழங்கும் ஆல்ட்டோ சாக்ஸுக்கு ஈ ஃபிளாட். ஆல்ட்டோவில் விரலால் சி பிடித்தால் வெளியே கேட்பது ஈ ஃபிளாட் என்பதை அறியாமல் பதிப்பை மாற்றி வாங்கிவிட்டு, கீபோர்டுக்காரரோடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஐரியல் புரோ என்ற செயலி கார்டு வரிசைகளைக் காட்டி, எந்தக் கட்டையிலும் எந்த வேகத்திலும் பின்னணி வாசித்துத் தரும். அதில் மெட்டு இருக்காது, கார்டு மட்டும்தான். பலர் சேர்ந்து ஏற்றிய கார்டுகள் என்பதால் பிழைகளும் உண்டு. பேஸ் ஸ்வரத்தைக் காதால் கேட்டுச் சரிபார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். இன்னும் முன்னேறியவர்கள் பாரி ஹாரிஸ் என்ற பியானோக் கலைஞர், 2021-இல் மறையும்வரை பல ஆண்டுகள் நடத்திய வகுப்புகளின் பதிவுகளை யூடியூபில் தேடிப் பாருங்கள். குருகுலம் எப்படி நடக்குமோ அப்படியே நடக்கும்: அவர் பாடுவார், அறை முழுவதும் திருப்பிப் பாடும், தவறினால் திட்டு விழும்.

ஐந்தாம் படி: தாளத்துக்குத் தனி வளம் தேடாதீர்கள்

ஸ்விங் என்பதை விளக்க நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நமக்குத் திஸ்ர நடை தெரியும். ஒரு தட்டுக்குள் ‘தகிட’ சொல்லுங்கள். ‘த’வை ‘கி’ முடியும்வரை நீட்டி, ‘ட’வில் அடுத்த ஸ்வரத்தை வையுங்கள். நடுத்தர வேகத்தில் ஸ்விங் ஏறத்தாழ இதுதான். வேகம் கூடக் கூட அது சமமாகிக்கொண்டே போகும். மற்றொன்று, நான்கு தட்டில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும் விழுகிறது. வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், தட்டுகளை ஒலித்துக்காட்டும் கருவியான மெட்ரோனோமை 60-இல் வைத்து, அது அடிப்பதை இரண்டு, நான்கு என்று கற்பனை செய்துகொண்டு ஒன்றையும் மூன்றையும் நீங்களே உணர வேண்டும். அம்மாபேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தை முதல் தட்டாக வைத்து எண்ணாமல் இரண்டாம் தட்டாக வைத்து எண்ணப் பழகியதுதான் எனக்கு வாய்த்த மெட்ரோனோம். மின்வெட்டு வந்தால் என் சாதகமும் நிற்கும்.

ஆறாம் படி: ஒரு சோலோவைக் காதால் இறக்குங்கள்

சோலோ என்பது ஒருவர் முன்னின்று அந்த இடத்திலேயே கற்பனையாக வாசிக்கும் பகுதி; அதைக் காதால் கேட்டே கற்று எழுதிக்கொள்வதைத்தான் இறக்குவது என்கிறேன். யூடியூபில் வேகத்தை 0.25 வரை குறைக்கலாம், கட்டை மாறாது. ‘டிரான்ஸ்கிரைப்’ என்ற கட்டண மென்பொருளோ, இலவசமான ஆடாசிட்டியோ இருந்தால் நான்கு பாரை மட்டும் சுழலவிட்டுக் கேட்கலாம். முதலில் பாடுங்கள், பிறகு வாசியுங்கள், கடைசியாக எழுதுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. எழுதுவதற்கு மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். அதே பெயரில் இருக்கும் தளத்தில் மற்றவர்களின் இசைத்தாள்களை இறக்கத்தான் பணம் கேட்கிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு சந்தா கட்டிவிடாதீர்கள். மைல்ஸ் டேவிஸின் மெதுவான சோலோக்களில் எட்டு பார் போதும். வாரத்துக்கு நான்கு பார் இறங்கினால் மகிழ்ச்சி அடையுங்கள்.

ஏழாம் படி: ஆசிரியரைத் தேடுவது

‘ஜாஸ் ஆசிரியர்’ என்று சேலத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதற்குப் பதிலாக மூன்று வகையினரைத் தேடுங்கள்: ஆலயத்தில் நான்கு குரல் பாடல்களுக்கு வாசிக்கும் கீபோர்டுக்காரர், மெல்லிசைக் குழுவில் எந்தக் கட்டைக்கும் அந்த இடத்திலேயே மாற்றி வாசிக்கக்கூடியவர், பேண்டு வாத்தியக் குழுவில் ஐந்து கோட்டு முறை படித்த மூத்த கலைஞர். இவர்களிடம் ஜாஸ் இருக்காது. ஆனால் ஜாஸுக்கு வேண்டிய கையும் காதும் இருக்கும். மீதியை நீங்கள் நூலிலிருந்து கொண்டுபோய் அவரோடு சேர்ந்து படிக்கலாம். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஆலயக் கீபோர்டுக்காரரிடம் மேலே சொன்ன டூ-ஃபைவ்-ஒன் வரிசையைக் காட்டியபோது, “இது எங்க பாட்டுல ஆமென்னுக்கு முன்னாடி வர்றதுதானே சார்” என்று சிரித்துவிட்டு, பன்னிரண்டு கட்டையிலும் நிற்காமல் வாசித்துக்காட்டினார்.

முதல் சந்திப்பில் மூன்றைக் கேளுங்கள். நீங்கள் சொல்லும் ஒரு பாட்டை அவர் காதால் கேட்டுக் கார்டு கண்டுபிடிப்பாரா? வகுப்பைக் கைப்பேசியில் பதிவுசெய்ய ஒப்புவாரா? கட்டணம் மாதத்துக்கா, மொத்தமாகவா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். ஆறு மாதக் கட்டணத்தை முன்னதாகவே வாங்கிக்கொண்ட ஓர் இணைய வகுப்பு மூன்றாம் வாரத்தோடு நின்றது. பிறகு வந்ததெல்லாம் தானியங்கி மறுமொழிகள் மட்டுமே. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் முதல் இரண்டு மாதங்களுக்கு மாதந்தோறும் மட்டும் கட்டுங்கள்.

எட்டாம் படி: எப்போதாவது வெளியே போய்வாருங்கள்

நேரில் கேட்பதற்குப் பதிலாக எதுவும் நிற்காது. சேலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது. அங்கே ஒயிட்ஃபீல்டில் உள்ள விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ் ஜாஸ் நிகழ்ச்சிகளுக்குப் பெயர் பெற்றது. சென்னைக்குப் போகிறவர்கள் அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மூஸீ மியூசிக்கல் கடையில் இசைத்தாள்களையும் கிரேடு நூல்களையும் கையால் புரட்டிப் பார்த்து வாங்கலாம், ஏ.ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியின் நிகழ்ச்சிகளையும் விசாரித்துவிட்டுப் போகலாம். ஏப்ரல் 30 யுனெஸ்கோ அறிவித்த பன்னாட்டு ஜாஸ் நாள். அதை ஒட்டிய வாரத்தில் பயணத்தை வைத்துக்கொண்டால் இரண்டு நகரங்களிலும் ஏதாவது ஒன்று வாய்க்கும் வாய்ப்பு அதிகம்.

உள்ளூரில் இருக்கும் நாள்களுக்கு நான் கடைப்பிடிக்கிற ஒரு பயிற்சி, ஏற்காட்டுப் பேருந்துக்கு உரியது. அடிவாரம் தாண்டியதும் தொடங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் பலகை உண்டு. முதல் வளைவில் ஒரு கட்டைக்கு உரிய டூ-ஃபைவ்-ஒன் கார்டுகளை மனத்துக்குள் சொல்லுங்கள். அடுத்த வளைவில் அங்கிருந்து மத்தியமம், அதாவது நான்கு கட்டை. அதற்கடுத்து ஆறரை, இரண்டரை, ஐந்தரை, ஒன்றரை, நாலரை, ஏழு, மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து என்று பன்னிரண்டாவது வளைவில் வட்டம் முழுமை பெறும். மிச்சமுள்ள எட்டு வளைவுகளும் தடுமாறிய கட்டைகளுக்கு. எனக்கு ஏழாவது வளைவில் வரும் நாலரைக் கட்டை, அதாவது ஏ ஃபிளாட் மைனர் 7, டி ஃபிளாட் 7, ஜி ஃபிளாட் மேஜர் 7, இன்னும் சரியாக வாயில் நிற்கவில்லை. ஓட்டுநர் வளைவை முடித்து கியரை மாற்றும்போது நான் ஐந்தாம் கார்டில்தான் இருப்பேன். பனி மூடிப் பலகை தெரியாத நாள்களில் அவர் அடிக்கும் ஹாரனை எண்ணிக்கொள்ள வேண்டும்.